நோஞ்சான் மீனை விலை கொடுத்து மீட்கலாமா?

கால் லிட்டர் தண்ணீர் கூடப் பிடிக்காத ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியில், துடுப்புகள் உடலோடு ஒட்டிப்போய் ஒருக்களித்துக் கிடந்த நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் எண்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் மூன்று ஃபைட்டர்கள் ஏற்கெனவே தனித்தனித் தொட்டிகளில் இருந்ததால் எனக்கு அந்த மீன் தேவையே இல்லை; அது அங்கேயே கிடந்தால் மறுநாள் செத்துவிடும் என்பது மட்டுமே காரணம். தனியாக வைக்க இடமில்லாமல், மோலி மீன்களும் இரண்டு ஏஞ்சல் மீன்களும் இருந்த நூறு லிட்டர் தொட்டியில் ஒரு வலைத் தடுப்புக்குள் விட்டேன். ஐந்தாம் நாள் ஏஞ்சலின் வாலில் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இரண்டு வாரத்தில் ஆறு மோலிகளும் ஓர் ஏஞ்சலும் போயின. ஃபைட்டர் பிழைத்துக்கொண்டது. மருந்து வாங்க அதே கடைக்குப் போனபோது, அதே தட்டில், அதே இடத்தில், வேறொரு டம்ளரில் வேறொரு நீல ஃபைட்டர் அதேபோல் ஒருக்களித்துக் கிடந்தது.

மோசமான நிலையில் இருக்கும் கடை மீனைக் கண்டு மனம் கேட்காமல் நிற்பவருக்கு முன்னால் உள்ள வழிகளை அந்த இரண்டாவது டம்ளரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட விரும்புகிறேன். விலை கொடுத்து வாங்கி வருவது, வாங்காமல் வெளியேறுவது, கடைக்காரரிடம் பேசுவது, சட்டப்படி புகார் அளிப்பது, கடையை விட்டுவிட்டு வீடுகளில் கைவிடப்படும் மீன்களை ஏற்பது ஆகியவை அந்த வழிகள். வாங்கி வந்து ஏரியில் விடுவது என்று ஆறாவதாக ஒன்றையும் சிலர் சொல்கிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

அதற்கு முன், எது மோசமான கடை என்பதில் ஒரு தெளிவு வேண்டும். சென்னையில் மீன் வளர்ப்பவர்களுக்குக் கொளத்தூர் தெரியாமல் இருக்காது. அங்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பண்ணைகளில் வளரும் மீன்கள் ஆக்சிஜன் நிரப்பிய பாக்கெட்டுகளில் வெளியூர்க் கடைகளுக்குப் போகின்றன. இரவெல்லாம் பயணம் செய்து வந்த மீன்களில் ஒன்றிரண்டு மறுநாள் காலையில் செத்து மிதப்பது நல்ல கடையிலும் நடக்கும். ஆண் ஃபைட்டர்களைத் தனித்தனியே வைத்திருப்பதும் குற்றமில்லை. சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று கிழித்துவிடும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு தலைக்குள் இருப்பதால், சிறிய டம்ளரில் அது சில நாள் தாக்குப்பிடிக்கிறது. அந்தத் தாக்குப்பிடிக்கும் திறன்தான் அதற்கு எமனாகவும் அமைகிறது: ஏர் பம்ப் இல்லாமலும் உயிரோடு இருப்பதால், சில நாள் என்பது சில வாரமாகிவிடுகிறது. ஆகவே டம்ளரைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதாமல், செத்த மீன் எத்தனை நேரமாக எடுக்கப்படாமல் கிடக்கிறது, ஒரே வலை எல்லாத் தொட்டிக்கும் போகிறதா, மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து நிற்கின்றனவா, சரக்கு என்றைக்கு வந்தது என்ற கேள்விக்குக் கடைக்காரர் நேராகப் பதில் சொல்கிறாரா என்பவற்றையே பார்க்க வேண்டும்.

முதல் வழியான வாங்கி மீட்பதற்கு ஆதரவாக ஒரு வாதம் இருக்கிறது, அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு மீனைப் பொறுத்தவரை அதுதான் உயிர். நான் வாங்கிய ஃபைட்டர் அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஃபைட்டரின் ஆயுளே பொதுவாக இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகள்தான். ஆனால் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் இரக்கத்துக்கு விற்ற மீன், ஆசைக்கு விற்ற மீன் என்று இரண்டு பத்தி கிடையாது. ஒரு பேச்சுக்கு, அவர் இருபது ஃபைட்டர்களை முப்பது ரூபாய் வீதம் வாங்கி எண்பது ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு விற்றாலே போட்ட அறுநூறு ரூபாய் வந்துவிடுகிறது. மிச்சம் பன்னிரண்டில் ஐந்து செத்தாலும் அவருக்கு நட்டமில்லை. அந்த ஐந்தையும் யாரோ பாவப்பட்டு வாங்கிப் போனால் வாடகைக்கும் மின்சாரத்துக்கும் அது உதவும். அரை விலைக்குத் தருகிறேன் என்று அவர் சொல்வது இரக்கமாகத் தோன்றலாம், அப்போதும் ஒரு மீனுக்குப் பத்து ரூபாய் அவருக்கு நிற்கிறது. சாவு ஏற்கெனவே விலையில் சேர்க்கப்பட்டுவிட்ட ஒரு வியாபாரத்தில், சாகப்போகிற மீனையும் நாம் காசு கொடுத்து வாங்குவது, தண்ணீர் மாற்றாமல் இருப்பதற்கான செலவை நாமே ஏற்றுக்கொள்வதாகத்தான் முடிகிறது. அந்த இரண்டாவது டம்ளர் நான் கொடுத்த எண்பது ரூபாயில் வந்ததுதான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

பணம் மட்டும்தான் விலை என்றும் எண்ண வேண்டாம். வெள்ளைப் புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் முற்றி, கீழே உதிர்ந்து, தொட்டியின் தரையில் கூடு கட்டி நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. பிரிந்தவை நீந்திப் புதிய மீனைத் தேடும் அந்த ஓரிரு நாளில்தான் மருந்து அவற்றைக் கொல்லும். நான் வலைத் தடுப்புக்குள் விட்டது ஒரு மீனைப் பிரித்து வைத்ததாகாது, தண்ணீர் ஒன்றுதானே. நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்து மறுபடி தொடங்கிவிடும். கடைகளில் நீல மருந்தை ஒரு முறை ஊற்றிவிட்டு, மருந்து போட்டாச்சு என்று விற்பதும் இதனாலேயே வெறும் வண்ணக் கலவையாகப் போகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீன்களுக்குக் காசநோய் போன்ற ஒரு நோயைத் தரும் பாக்டீரியா உண்டு. கையில் வெட்டுக்காயத்தோடு அந்தத் தண்ணீரில் வேலை செய்தால் மனிதர் தோலிலும் அது கட்டிகளை உண்டாக்கும், மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். எலும்பும் தோலுமாக, முதுகு வளைந்து போன மீனை வெறுங்கையோடு மீட்க முனைபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் மீனைக் கொண்டுவருகிறார் என்றால், காசுக்கோ இலவசமாகவோ, அவரிடம் முன்னதாகவே இருக்க வேண்டியது தனித் தொட்டி. என்னுடையது மூடி போட்ட இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பா; ஸ்பாஞ்ச் ஃபில்டர், சிறிய ஏர் பம்ப், தனி வலை எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. மீன் செவுள் வழியாக வெளியேற்றும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஒரு புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், அந்த பாக்டீரியா முன்கூட்டியே குடியேறட்டும் என்று ஸ்பாஞ்சை எப்போதும் என் பெரிய தொட்டியில் ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறேன். நோயாளி வரும் நாளில் அது டப்பாவுக்குப் போகும், பிறகு கொதிநீரில் அலசாமல் பெரிய தொட்டிக்குத் திரும்பி வராது.

கொண்டுவந்த மீனைத் தண்ணீருக்குப் பழக்குவதிலும் பலர் பழைய பாடத்தையே பின்பற்றுகிறார்கள். பாக்கெட்டைத் திறந்து, சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீரை ஒரு மணி நேரம் விடுவது பொறுமையான செயலாகத் தெரியும். ஆனால் அழுக்குத் தண்ணீரில் நெடுநேரம் அடைபட்டிருந்த மீனுக்கு அது கெடுதல். மூடிய பாக்கெட்டில் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரைச் சற்று அமிலமாக்கி வைத்திருப்பதால் அமோனியாவின் நச்சுத்தன்மை அடங்கியிருக்கிறது. பாக்கெட்டைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி, தண்ணீரின் அமிலத்தன்மை குறைந்து, அதே அமோனியா அதே தண்ணீரில் பல மடங்கு நஞ்சாகிறது. எனவே மூடிய நிலையிலேயே பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, திறந்தவுடன் வலையில் ஏந்தி மீனை மட்டும் மாற்றிவிட்டு, பாக்கெட் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுவதே என் வழக்கம். லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு, குளோரின் நீக்கிய தண்ணீர், முதல் நாள் இரை கிடையாது, விளக்கு கிடையாது. மூன்று வாரமாவது மீன் அந்தத் தனித் தொட்டியிலேயே இருக்க வேண்டும். இதற்கு இடமும் நாளும் இல்லாதவர்கள் முதல் வழியைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

இரண்டாவது வழி, வாங்காமல் வெளியேறுவது. கொள்கை அளவில் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. நடைமுறையில் இதைவிட ஓசையில்லாத வழியும் இல்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர் எதற்காகப் போனார் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? விலை அதிகம் என்று போயிருப்பார் என்றே அவர் நினைப்பார். ஒருவர் ஒரு ஃபைட்டரை வாங்காமல் விடுவது அவருக்கு உறைக்காது. ஆனால் மாதாமாதம் இரை, செடி, பல்பு, ஃபில்டர் பஞ்சு என்று வாங்கிக்கொண்டிருந்தவர் அத்தனையையும் வேறு கடைக்கு மாற்றிக்கொண்டால் கட்டாயம் உறைக்கும், ஏனென்றால் பல கடைகளுக்கு மீனைவிடச் சாமான்களில்தான் வரவு. புறக்கணிப்பு என்றால் மீனை மட்டும் விட்டுவிட்டு அதே கடையில் இரை டப்பா வாங்குவதல்ல. அந்த மீன் அங்கேயே சாகும் என்பதையும் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் மறைக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சாயமேற்றிய மீன்கள் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை, புறக்கணிப்பு ஒன்றுதான் வழி. உடலுக்குள் எலும்பு தெரியும் கண்ணாடி மீனுக்கு ஊசி மூலம் சாயம் ஏற்றுவதும், விடோ டெட்ரா என்ற மீனை ரோஜா நிறத்திலும் பச்சையிலும் மாற்றி விற்பதும் நெடுங்காலமாக நடக்கிறது. அந்தச் சாயம் சில மாதங்களில் வெளுத்துவிடும். பரிதாபப்பட்டு வாங்கினாலும் அழகுக்கு வாங்கினாலும் அடுத்த ஊசிக்கான ஆர்டர் அது.

கடை மீனைப் பொறுத்தவரை, மூன்றாவது வழியான பேசுவதைத்தான் நான் முதலில் வைப்பேன், அதுவும் எல்லாரும் குறைத்து மதிப்பிடும் வழி என்பதால். நான் முதல் முறை பேசிய விதம் தவறு. கடை நிறைய ஆட்கள் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில், "அண்ணே, இதுக்குத் தண்ணி எப்போ மாத்துனீங்க?" என்று சற்று உரக்கவே கேட்டேன். "நேத்துதான் சார்" என்றார் அவர், டம்ளரின் விளிம்பில் படிந்திருந்த பச்சைப் பாசியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு. அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிவு வந்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் பொய்யைத்தான் பிடித்துக்கொள்வார்.

சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், கடை காலியாக இருந்தபோது, வேறொரு விதமாக ஆரம்பித்தேன். எத்தனை ஃபைட்டர் வருகிறது, எத்தனை தங்குகிறது என்று கேட்டேன். என் வீட்டில் செத்தவற்றையும் சொன்னேன். அவருக்கு உதவியாக இருந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றும், நாற்பது டம்ளருக்குத் தண்ணீர் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றும் அவர் சொன்னது சாக்காக இருக்கலாம், ஆனால் பொய்யில்லை. நாற்பது டம்ளரைப் பதினைந்தாகக் குறைத்து, மிச்சத்தை வாரா வாரம் எடுத்தால் சாவும் குறையும் வேலையும் குறையும் என்று கணக்காகச் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். மீனின் துன்பத்தைப் பற்றி நான் பேசியிருந்தால் கேட்டிருப்பாரா என்பது சந்தேகமே. நட்டத்தைப் பற்றிப் பேசியதால் கேட்டார். எழுந்து வரும்போது, "இனிமே தேறாதுன்னு நீங்க நினைக்கிற மீன் இருந்தா எனக்குக் குடுங்க அண்ணே, காசு குடுக்க மாட்டேன்" என்றேன். சிரித்தார். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

இலவசமாக எடுத்துக்கொள்வதற்கும் விலைக்கு வாங்குவதற்கும் மீனைப் பொறுத்தவரை வேறுபாடில்லை, கடையைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு உண்டு: அடுத்த சரக்குக்கான பணம் என்னிடமிருந்து போகவில்லை. இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. செத்துக்கொண்டிருக்கும் மீனை அப்புறப்படுத்தும் சங்கடத்தை நான் ஏற்றுக்கொள்வதால் அவர் மனம் சற்று இலேசாகலாம். நாலு மீன் வாங்கினால் நோஞ்சான் ஒன்று இலவசம் என்று தந்து கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளும் கடைகளும் இருக்கின்றன. அந்த இலவசம் விலையில் அடங்கியதுதான், அதை ஏற்கக் கூடாது. பேச்சே எடுபடாத கடைகளும் உண்டு. இரண்டு முறை பேசிப் பார்த்து, தொட்டியில் மாற்றம் தெரியாவிட்டால் இரண்டாவது வழிக்குப் போய்விடலாம், இந்த முறை காரணத்தைச் சொல்லிவிட்டு.

நான்காவது, சட்டம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியிலிருந்து பிறந்தது. மனிதரல்லாத எந்த உயிரினமும் விலங்கு என்று அது வரையறுப்பதால் மீனும் அதற்குள் அடங்கும். அசைவதற்குப் போதுமான அளவில்லாத கூண்டிலோ கலத்திலோ அடைத்து வைப்பதையும், பட்டினியாலோ நெரிசலாலோ துன்புறும் விலங்கை விற்பனைக்கு வைப்பதையும் பதினோராம் பிரிவு குற்றமாகவே சொல்கிறது. படிக்கும்போது அந்த டம்ளரைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். ஆனால் முதல் முறைக் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஃபைட்டரின் விலையைவிடக் குறைவு. மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால் இருபத்தைந்திலிருந்து நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 மே மாதத்தில் மீன் தொட்டிக் கடைகளுக்கென்றே தனி விதிகளை அறிவித்தது. வண்ணமீன் வணிகர்களின் எதிர்ப்புக்குப் பின் அவை திரும்பப் பெறப்பட்டன. எனவே புகார் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. பல தொட்டிகளில் பிணங்கள் மிதக்கும் கடை, மின்சாரம் துண்டிக்கப்பட்டு நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கடை போன்றவற்றில், தேதியோடு எடுத்த படங்களுடன் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திடமோ காவல் நிலையத்திலோ எழுதிக் கொடுப்பது சரியான செயல். ஒரு டம்ளருக்காக அங்கே போனால், அலையும் நாள்களுக்குள் டம்ளர் காலியாகிவிடும்.

ஏரியில் விடும் யோசனையை இங்கேயே முடித்துவிடலாம். விடுதலை என்று அதற்குப் பெயர் வைப்பவர்கள், பாசி தின்னும் என்று சொல்லி இரண்டு அங்குலத்தில் விற்கப்படும் தென் அமெரிக்கக் கெளுத்தியான டேங்க் கிளீனர் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து, இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பதைப் பார்க்க வேண்டும். மீனவர் வலையில் அது விழுந்தால் முள்ளால் வலை கிழிகிறது, விற்கவும் முடியாது. 2023 மே மாதத்தில் காஷ்மீரின் தால் ஏரியில் வட அமெரிக்காவைச் சேர்ந்த அலிகேட்டர் கார் மீன் பிடிபட்டதே, அது நீந்தியா வந்திருக்கும்? சிறு மீன்தானே என்று கப்பி மீனை விடுவதும் இதே தவறுதான். மேலும் கடை நோய் எதுவோ அதுவும் ஏரிக்குப் போகிறது.

ஐந்தாவது வழி, வீட்டு மீன்களை ஏற்பது. கடையில் சாகும் மீன் கண்ணில் படுகிறது. வீட்டில் நெருக்கடியில் வளரும் மீன் படுவதில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் தொடங்கிய கோல்டு ஃபிஷ் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது. இங்கிலாந்தில் டிஷ் என்ற கோல்டு ஃபிஷ் 43 ஆண்டு வாழ்ந்து 1999இல் இறந்தது. மூன்றடித் தொட்டியில் ஒரு அடி நீள ஆஸ்கர் மீனோடு மாட்டிக்கொண்டவர்கள், வீடு மாறுபவர்கள், வெளிநாடு போகிறவர்கள், குழந்தைக்கு ஆசை தீர்ந்துபோனவர்கள் எல்லாம் யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்றே இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து எடுத்தால் எந்தக் கடைக்கும் காசு போவதில்லை, ஏரிக்குப் போகவிருந்த மீனும் தடுக்கப்படுகிறது. மீட்பு என்ற சொல்லுக்கு ஐந்து வழிகளில் மிக நெருக்கமாக வருவது இதுதான் என்பது என் கருத்து. இதன் தடை ஒன்றே: இப்படி வருபவை பெரும்பாலும் பெரிய மீன்கள். இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர் ஆஸ்கரை ஏற்றால் ஒரு நெருக்கடியை வீடு மாற்றியதுதான் மிச்சம். சிறிய தொட்டிக்காரருக்குக் கப்பி, மோலி, கைவிடப்பட்ட ஃபைட்டர் ஆகியவை பொருந்தும். தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தால் சில வாரங்களுக்குள் அழைப்பு வரும், பெரும்பாலும் தொட்டியோடு சேர்த்தே.

ஆக என் வரிசை இப்படி அமைகிறது. இடமிருப்பவருக்கு வீட்டு மீன். கடை மீன்தான் மனத்தை அரிக்கிறது என்றால் பேச்சும், காசில்லாமல் கிடைத்தால் ஏற்பதும். பேச்சு எடுபடாத இடத்தில் முழுப் புறக்கணிப்பு. கொடுமை அளவு மீறினால் புகார். விலை கொடுத்து வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது ஒரு தகப்பன் வாங்கிக் கொடுத்தால் அவரைக் குறை சொல்லவும் மாட்டேன், தனி டப்பா இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

அந்தக் கடையில் டம்ளர்கள் பதினைந்தாகக் குறையவில்லை. இருபத்திரண்டு என்று கடைசியாக எண்ணினேன். சென்ற வாரம் அவர் அழைத்து மூன்று மோலிகளைக் கொடுத்தார். வாயைச் சுற்றிப் பஞ்சு பூத்தாற்போல் இருந்த ஒன்று இரவே செத்தது. அது பூஞ்சையாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை, முற்றிய பின் தடுப்பது கடினம். மற்ற இரண்டும் டப்பாவின் பின்மூலையில் ஸ்பாஞ்சை ஒட்டி நிற்கின்றன, நேற்று முதல் முறையாக இரையைக் கொத்தின. நேற்று மாலை இன்னொரு ஃபைட்டர் இருக்கிறது என்று மறுபடி அழைத்தார். இன்னும் பதினைந்து நாளுக்கு எதையும் எடுக்க இயலாது என்று சொல்லிவிட்டு, அதன் தண்ணீரை இன்றைக்கே மாற்றச் சொன்னேன்.